இழப்பில்லாத கெட்டிமேளம்

காது ரொம்ப நன்றாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் மனிதனோடு குடும்பம் நடத்துவதைவிட, காதே கேட்காதவனோடு நடத்துவது சுலபம். இது என் மனைவி வசந்தியின் வாக்கு. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தால், "அப்ப கோமதி நிச்சயதார்த்தத்த சொல்லட்டா?" என்பாள். (கேட்பதெல்லாம் சும்மா மரியாதைக்கு. சொல்லிவிடுவாள்.) அவள் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஜரிகை கூடிக்கொண்டே போகிறது. அதனால் இந்தத் தடவை நானே சொல்லிவிடுகிறேன்.

காஞ்சிபுரத்தில் என் பிழைப்பு, பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது. பார்டரில் மயில், முந்தானையில் கோபுரம் என்று தறிக்காரர்கள் கேட்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன். அதைப் பார்த்துத்தான் தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஒரு கட்டம் தப்பினால் மயில் கோழியாகிவிடும். (ஆகியிருக்கிறது. அந்தப் புடவையும் விற்றுப்போனது என்பது வேறு விஷயம்.) இப்படி நாளெல்லாம் புள்ளி புள்ளியாகவே பார்த்துப் பழகியவனுக்குப் பாட்டையும் புள்ளி புள்ளியாகக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தால் அது தப்பா?

ஆசை தப்பில்லை. வந்த வழிதான் தப்பு. ஒரு நாள் கம்ப்யூட்டரில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, தாடி வைத்த ஒருவர் திரையில் தோன்றி, "நீங்கள் இதுவரை பாட்டே கேட்டதில்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், இவர் யார் சொல்வதற்கு என்று சண்டை போடும் நோக்கத்தோடுதான் முழுவதையும் பார்த்தேன். முடிவில் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். போனில் நாம் கேட்கும் எம்பி3 பாட்டு இருக்கிறதே, அது பத்து இழைக்கு ஒன்பது இழையை உருவிவிட்ட புடவை. தூரத்திலிருந்து பார்த்தால் புடவை மாதிரியே இருக்கும். பெட்டியில் மடித்து வைக்க இடமும் குறைவு. ஆனால் உருவிய இழை உருவியதுதான். 'லாஸ்லெஸ்' என்கிறார்களே, இழப்பில்லாத கோப்பு, அதில் ஓர் இழைகூட உருவுவதில்லை. பாடகர் மூச்சு இழுப்பது, மிருதங்கக்காரர் தொடையை நகர்த்துவது, பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமுவது எல்லாம் அப்படியே இருக்கும். அதிலும் உயர்ரகம் என்று ஒன்று உண்டு. ஒரு நொடி ஒலியைத் தொண்ணூற்றாறாயிரம் புள்ளியாகப் பதிந்து வைப்பது ஒன்று; நூற்றுத் தொண்ணூற்றிரண்டாயிரம் புள்ளியாகப் பதிந்து வைப்பது இன்னொன்று. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் கதையே.

ஆக, இரண்டு ஸ்பீக்கரும், கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து புள்ளிகளை ஒலியாக மாற்றும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் வந்தன. செவிலிமேட்டில் எங்கள் வீட்டு ஹாலில் புதுக்குடித்தனம் ஆரம்பமாயிற்று.

முதல் நாளே வசந்தியை உட்கார வைத்து ஒரே பாட்டைப் போனில் ஒரு தடவையும், புதுப்பெட்டியில் ஒரு தடவையும் போட்டுக் காட்டினேன்.

"எது நல்லாருக்குது?"

"போன்ல."

"இன்னாது!"

"அதுல வார்த்த புரியுது. இதுல யாரோ இருமிக்கினே இருக்கறாங்க."

இந்த ஊரில் பட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தே எது அசல் ஜரிகை என்று சொல்கிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். காதால் சொல்ல ஓர் ஆள் கிடையாது. நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வேன்?

இதற்கு நடுவில் வீட்டில் புதுப்புதுச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. பாட்டு ஓடும்போது மின்விசிறி ஓடக் கூடாது. (சத்தம்.) கம்ப்யூட்டரில் வேறு எந்தச் சத்தமும் வரக் கூடாது, பெட்டியைப் பாட்டுக்கு மட்டும் குத்தகைக்கு விட்டுவிட வேண்டும். ஒலியளவை மவுஸால் குறைக்கக் கூடாது. குறைத்தால் புள்ளிகள் கெட்டுவிடும் என்று தாடிக்காரர் சொன்னதால் அந்த வசதியையே முடக்கி வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே நாற்காலிச் சட்டம். இரண்டு ஸ்பீக்கரையும் சரியான கோணத்தில் திருப்பி வைத்து, இரண்டுக்கும் சமதூரத்தில் உட்கார்ந்தால் சத்தம் ஸ்பீக்கர்களிலிருந்து வருவதாகவே தெரியாது. நட்டநடுவில், சும்மா இருக்கும் சுவரிலிருந்து வரும். பாடுகிறவர் நம் எதிரில் வந்து நிற்பதுபோல் இருக்கும். ஆனால் அந்த ஒரே இடம்தான். ஒரு முழம் நகர்ந்தால் ஆள் காணாமல் போய்விடுவார். அந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டு, "யாரும் நகர்த்தக் கூடாது" என்றேன்.

"பெருக்கறதுக்குக் கூடவா?" என்றாள் வசந்தி.

"சுத்திப் பெருக்கு."

"கோயில்ல சாமியக் கூட நகத்திட்டுத்தான் தொடைக்கிறாங்கபா" என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் பெருக்கினாள்.

இந்த நிலைமையில்தான் அவளுடைய தங்கை கோமதிக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

கோமதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் அவளுக்கு ஓர் இடம் கூடி வந்தது. தட்டு மாற்றும் நேரத்தில் என் மாமனார் வீட்டுத் தறிமேலிருந்து ஒரு பல்லி சத்தம் போட்டது. அது போட்ட திசை சரியில்லையாம். மாப்பிள்ளை வீட்டார் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அவள் அழவில்லை. கடைக்குப் போய்ப் பஞ்சாங்கம் ஒன்று வாங்கி வந்து, பல்லி விழும் பலனில் ஆரம்பித்துப் பூனை, தும்மல், விறகுக்கட்டு, ஒற்றைப் பிராமணன்வரை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"எதுக்குமா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"என் வாழ்க்கைய ஒரு பல்லி தீர்ப்பு சொல்லுதுன்னா, அதோட சட்டம் இன்னான்னு தெரிஞ்சிக்க வேணாமா மாமா?"

இப்போது வந்திருப்பது ஐயம்பேட்டை இடம். பையன் பெயர் தினேஷ். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இவனைக் கோமதிக்குப் பிடித்துவிட்டது. அவள் சொல்லவில்லை. போன் அடித்தால் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவதில் தெரிந்தது. ஆனால் பையனுக்கு அப்பா இல்லை. பெரியப்பா ஏகாம்பரம் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். ஏகாம்பரம் பெரியப்பாவோ சகுனம் பார்ப்பதில் மன்னர். பூனை குறுக்கே போனதற்காக, பஸ்ஸை விட்டு இறங்கி வேறு பஸ் பிடித்த ஆள். இன்னொரு தடவை தட்டு மாறாமல் போனால் அவ்வளவுதான். 'ரெண்டு வாட்டி திரும்பின பொண்ணு' என்று பேச்சாகிவிடும். அந்தப் பேச்சை இந்த ஊரில் எந்தச் சாயப்பட்டறையிலும் போட்டு மாற்ற முடியாது. மாமனார் வீட்டில் யாருக்கும் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

மாமனார் வீட்டு ஹாலில் இரண்டு தறி. இரண்டிலும் முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பந்தி போட முடியாது; பல்லியும் அங்கேதான் இருக்கிறது. எனவே நிச்சயம் எங்கள் வீட்டில் என்று முடிவாயிற்று. வசந்தி துடைப்பத்தோடு பல்லி வேட்டையில் இறங்கினாள். மாமனார், முகூர்த்த நாளில் மேளம் கிடைப்பது கஷ்டம் என்பதால் அலைந்து திரிந்து, இரண்டு கல்யாணத்துக்கு நடுவே வந்துவிட்டுப் போக ஒரு மேளக்காரரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அப்போது என் வாயில் சனி உட்கார்ந்தது.

"மேளமெல்லாம் எதுக்கு மாமா? அவசரத்துல வந்து அவசரத்துல ஊதிட்டுப் போவாங்க. எங்கிட்ட கோயில் மண்டபத்துல பதிவு பண்ணின கெட்டிமேளம் இருக்குது. உயர்தரம். ஓர் இழை உருவல. நான் பாத்துக்கறேன்."

மாமனார் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மூத்த மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய் மேளக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வசந்தி என்னைப் பார்த்த பார்வையை நான் இப்போதும் நேராகப் பார்ப்பதில்லை.

கெட்டிமேளம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். நல்ல நேரத்தில் யாராவது தும்மினாலோ, பல்லி சொன்னாலோ, வேண்டாத வார்த்தை காதில் விழுந்தாலோ, அதையெல்லாம் அமுக்குவதற்குத்தான் அந்தச் சத்தம். அதாவது கோமதியின் தலையெழுத்துக்குக் காவல்காரன் அதுதான். அந்தக் காவல்காரனுக்கு நான் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டு, என் கம்ப்யூட்டரை நிறுத்தினேன்.

அவ்வளவு பொறுப்பை ஏற்றவன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டாமா? பார்க்கத்தான் போனேன். மாமியார் வந்து நின்றுவிட்டார்.

"இன்னா பண்றீங்க மாப்ள?"

"கெட்டிமேளத்த ஒரு வாட்டி வெச்சிப் பாக்கறேன் அத்த."

"அய்யய்யோ! காரியம் இல்லாத வூட்ல கெட்டிமேளம் கொட்டுவாங்களா? இன்னிக்கி சும்மா கொட்டுனா, அன்னிக்கி கொட்ற மாதிரி ஆவாது."

"சத்தத்தக் கொறச்சி வெக்கறேன் அத்த."

"கொறச்சி கொட்டுனா கொறச்சி கல்யாணமா?"

"சரி, காதுல மாட்டிக்கினு நான் மட்டும் கேக்கறேன்."

"உங்க காதுக்குள்ள மட்டும் கல்யாணம் நடந்தா போதுமா?"

  இதற்குத் தாடிக்காரரிடமும் பதில் இருக்காது. மற்ற மங்கள இசையை எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம், கெட்டிமேளத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு. சரி என்றேன். ஒரே பெட்டி, ஒரே ஸ்பீக்கர். அது ஓடினால் இதுவும் ஓடாதா?

நிச்சயத்தன்று காலையில் ஒரு சின்னத் தொந்தரவு. ஒரு ராகம் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும்போது ஸ்பீக்கரில் 'டொக்' என்று ஒரு சத்தம். கோப்புக்குக் கோப்பு புள்ளிக் கணக்கு மாறும்போது கறுப்புப் பெட்டி தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் சத்தம் அது. சாதாரண மனிதன் அதைக் கேட்டிருக்கவே மாட்டான். நான் கேட்டேன். பல்லி சத்தத்துக்கே எழுந்து போகிறவர்கள் இந்த 'டொக்'குக்கு என்ன செய்வார்களோ என்று பயந்து, பெட்டியின் அமைப்புக்குள் போய்த் தேடினேன். 'வேகத்தைப் பூட்டு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் போட்டேன். 'டொக்' நின்றது. ஓடிக்கொண்டிருந்தது தொண்ணூற்றாறாயிரம் புள்ளிக் கோப்பு. அந்த வேகத்திலேயே பெட்டி பூட்டிக்கொண்டது.

கெட்டிமேளம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டாயிரம்.

(புடவையில் ஒரு கட்டம் தப்பினால் மயில் கோழியாகிவிடும் என்று தெரிந்தவன்தான் நான்.)

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. நேர்வழியில் வரவில்லை, வழியில் ஏதோ சரியில்லை என்று ஏகாம்பரம் பெரியப்பா ஊரைச் சுற்றி அழைத்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வந்தவர் ஹாலைப் பார்த்து நின்றுவிட்டார். எதிரொலி கூடாது என்று வீட்டிலிருந்த ஜமக்காளத்தையெல்லாம் நான் சுவரில் மாட்டி வைத்திருந்தேன்.

"இன்னாபா, செவுத்துக்கு ஜமக்காளம் போத்திட்டு மனுஷாள தரையில ஒக்கார வெச்சிருக்கற? செவுத்துக்கு இன்னா, குளிர் ஜொரமா?"

"சவுண்டுக்காகங்க" என்றேன்.

"காத்தாடி ஓடலியே, கரண்ட் இல்லியா?"

"அதுவும் சவுண்டுக்காகத்தாங்க."

பெரியவர் மேல்துண்டால் விசிறிக்கொண்டே என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். அவசரமாக அவருக்கு என் நாற்காலியைக் காட்டினேன். வீட்டிலேயே உயர்ந்த மரியாதை அதுதானே! உட்கார்ந்தார். காலையில் ஓடிக்கொண்டிருந்த அதே மங்கள இசையைப் போட்டேன். விசிறிய கை நின்றது. எதிர்ச் சுவரை உற்றுப் பார்த்தார்.

"மேளக்காரன் எங்கியா? எதுர்ல நின்னு வாசிக்கிற மாதிரி இருக்குது, ஆளக் காணமே!"

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் ரசிகர்! மார்பு விம்மிப் போய் மாமனாரைப் பார்த்தேன். அவரும் கண்ணாலேயே 'பரவால்ல மாப்ள' என்றார். வசந்தியே லேசாக இறங்கி வந்த மாதிரி இருந்தது. இதோடு யாராவது கரண்டைப் பிடுங்கியிருந்தால் நான் பெரிய மனிதனாகவே செத்துப் போயிருப்பேன்.

லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். மாமனாரும் ஏகாம்பரம் பெரியப்பாவின் சம்சாரமும் தட்டைத் தூக்கினார்கள். (பெரியப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே மேற்பார்வை.) பழம், பூ, வெற்றிலை, மேலே பட்டுப்புடவை. வசந்தி விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றாள்.

அழுத்தினேன்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம்,

"ப்பூ...ஊ...ஊ...ம்ம்..."

நாதஸ்வரம் அல்ல அது. சங்கு. அசல் சங்கு. அதன் பின்னாலேயே தாளம், "டங்ங்ங்..." என்று இழுத்தது. ஊரில் யாராவது போய்விட்டால் முன்னால் நடந்து போவார்களே, சங்கும் சேகண்டியும், அதே சத்தம். பெட்டி தொண்ணூற்றாறு வேகத்தில் பூட்டிக்கிடக்கிறது; கோப்பில் புள்ளிகள் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு நொடியில் முடிய வேண்டியது இரண்டு நொடி இழுக்கிறது. சுருதி பாதாளத்துக்கு இறங்குகிறது. தவில் மட்டும் 'தொம்... தொம்...' என்று யாரையோ தூக்கிக்கொண்டு நடந்தது. இவ்வளவும் எவ்வளவு துல்லியமாகத் தெரியுமா? ஓர் இழை உருவவில்லை. சங்கு ஊதுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

தட்டுகள் அந்தரத்தில் நின்றன. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார்.

நிறுத்தப் பாய்ந்தேன். நிறுத்து பொத்தானை அழுத்தினால் திரை உறைந்து நிற்கிறது. ஒலியைக் குறைக்கலாம் என்றால், அந்த வசதியை முடக்கிய புத்திசாலி நான். பிளக்கைப் பிடுங்கினேன். மின்வெட்டில் பாட்டு நடுவில் நிற்கக் கூடாது என்று யூபிஎஸ் வாங்கி வைத்தவனும் நானேதான். அது தன் கடமையைச் செய்தது. சங்கு நிற்கவில்லை, கூடவே யூபிஎஸ், ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் கேட்குமே அப்படி, "பீப்... பீப்..." என்று ஆரம்பித்தது.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். பக்கத்து வீட்டுக்காரர், தோளில் துண்டோடு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, என் கையைப் பிடித்து மெல்லிய குரலில் கேட்டார்:

"எப்ப ஆச்சு?"

அதற்குள் வசந்தி வந்து, யோசிக்காமல் ஸ்பீக்கர் கம்பியைப் பிடித்து இழுத்தாள். நின்றது.

அந்த அமைதியில் மின்விசிறி ஓடாததும் எல்லோருக்கும் வியர்ப்பதும் தெரிந்தது. ஏகாம்பரம் பெரியப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வேன எடுக்கச் சொல்லு."

"பெரிப்பா..." என்றான் தினேஷ்.

"பேசாத. நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சங்கு. இதுக்கு மேல இன்னாடா வேணும்?"

மாமனார் தட்டைப் பிடித்த கையோடு, "சம்மந்தி, மிஷினு கோளாறுங்க, எங்க மாப்ள..." என்று என்னைக் காட்டினார். நான், 'வேகப் பூட்டு, புள்ளிக் கணக்கு' என்று ஏதோ விளக்க ஆரம்பித்தேன். வசந்தி, "நீ வாய மூடு" என்றாள். கல்யாணமாகி முதல் தடவையாக நான்கு பேருக்கு முன் என்னை 'நீ' என்றாள். குறையொன்றும் சொல்ல முடியவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து கோமதி வந்தாள். கூப்பிடுமுன் பெண் வெளியே வரக் கூடாது. வந்துவிட்டாள். நேராகப் பெரியவர் முன்னால் போய் நின்றாள்.

"பெரிப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? நல்ல காரியத்துக்குப் போவசொல்லோ பொணம் எதுர்ல வந்தா இன்னா பலன்?"

பெரியவர் விழித்தார். சகுனத்தைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "எதுர்ல வந்தா... நல்லதுதாம்மா. போற காரியம் ஜெயிக்கும்."

"பின்னால வந்தா?"

"ஆவாது."

"பக்கத்துல?"

"அது சொமார். எடப்பக்கம்னா ஒண்ணு, வலப்பக்கம்னா ஒண்ணு."

"இப்ப சங்கு உங்களுக்கு எந்தப் பக்கத்துல வந்துச்சு?"

 பெரியவர் திரும்பி ஸ்பீக்கர்களைப் பார்த்தார். ஒன்று இடப்பக்கம். ஒன்று வலப்பக்கம். முகம் சுருங்கியது. "ரெண்டு பக்கமும்தாம்மா பொட்டி இருக்குது."

நான் இத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுத எல்லாவற்றுக்கும் அர்த்தம் அந்த நொடியில்தான் வந்தது. "இல்லங்க!" என்று கத்திவிட்டேன். "பொட்டிதான் ரெண்டு பக்கம். சத்தம் ரெண்டு பக்கமும் வராது. அந்த நாக்காலியில ஒக்காந்தா நடுவுலதான் வரும். நீங்களே சொன்னீங்க, எதுர்ல நின்னு வாசிக்கிறா மாதிரி இருக்குதுன்னு."

பெரியவர் யோசித்தார். நாற்காலியைப் பார்த்தார். ஒரு நீதிபதியின் நிதானத்தோடு மறுபடி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"எங்க, இன்னொரு வாட்டி வையி."

"எதங்க?"

"சங்க."

கம்பியைத் திரும்பச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். இந்த நேரத்தில் எனக்குக் கோளாறு இன்னதென்று தெரிந்துவிட்டது. ஒரே ஒரு டிக்கை எடுத்தால் அருமையான, அசல், காது குளிரும் கெட்டிமேளம் வரும். மவுஸை அந்தக் கட்டத்துக்குக் கொண்டு போனேன்.

"சரி பண்ணிட்டேங்க. இப்ப பாருங்க..."

"சரி பண்ணாதப்பா!" பெரியவர் கண்ணைத் திறக்காமலே சத்தம் போட்டார். "அப்ப வந்தத அப்டியே வையி. கைய எடு அதும்மேலருந்து."

எடுத்தேன். வைத்தேன். "ப்பூ...ஊ...ஊ...ம்ம்..." பக்கத்து வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரியவர் தலையை மெதுவாக இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார், நிமிர்த்தினார். முகம் மலர்ந்தது.

"எதுர்லதான். கரெக்டா எதுர்ல. செவுத்துலருந்து நேரா என்னப் பாத்து வருது!" கையை வீசினார். "தட்ட மாத்துங்க!"

"சரிங்க, இத நிறுத்திட்டு நல்ல மேளத்த..."

"நிறுத்தாத! எதுர்ல வர்றது பாதி வழியில நின்னுட்டா அதுக்கு வேற பலன். ஓடட்டும்."

ஓடியது. உலகத்திலேயே சங்குச் சத்தத்துக்கு நடுவில் தட்டு மாற்றிய ஒரே நிச்சயம் எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். பாதி வேகம் என்பதால் முடியவும் இரண்டு பங்கு நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் தட்டை யாரும் கீழே வைக்கவில்லை. மாமியார் அழுதுகொண்டே பூ போட்டார். சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்தச் சத்தத்துக்கு எந்த அழுகையும் பொருந்தும். கோமதி மட்டும் தினேஷைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். முன்னொரு தடவை பல்லி தீர்ப்பு எழுதிய இடத்தில், இந்தத் தடவை பெண்ணே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

கல்யாணம் அசல் மேளத்தோடு நடந்தது. ஏகாம்பரம் பெரியப்பா மேளக்காரரிடம் போய், "தாலி கட்டசொல்லோ கொஞ்சம் மெதுவா, கீழ எறக்கி ஊதுபா" என்று கேட்டதும், அவர் நாதஸ்வரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்ததும் தனிக் கதை.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு சலித்துக்கொள்ள மாட்டேன். கோமதியும் தினேஷும் நன்றாக இருக்கிறார்கள். சண்டை போடுகிறார்கள், சமாதானமாகிறார்கள், ஒரு பெண் குழந்தை. எல்லாம் எதிரில் வந்த சங்கின் பலன் என்று பெரியவர் ஐயம்பேட்டை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். அடுத்து அவர் கழனியில் போர் போடுமுன் ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "அத வையி" என்றார். போய்த் தோண்டினார், தண்ணீர் வந்துவிட்டது. (வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்தது பாவம்தான்.) அதிலிருந்து புதுத்தறி போடுவதா, பேரனுக்குப் பள்ளிக்கூடமா, யாருக்காவது வேலைக்கு இண்டர்வியூவா, நேராக வந்துவிடுகிறார். சில சமயம் தெரிந்தவர்களையும் அழைத்து வருகிறார். அவர்கள் வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராக அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய உயர்தரப் பெட்டியில் உயர்தரமாக நான் வேறு எதையும் போட்டுக் காட்ட ஆளில்லை; யாரும் கேட்பதில்லை.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், நடுவில் கம்ப்யூட்டர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. அதன் பிறகு அந்தக் கோளாறு வரவே மாட்டேன் என்கிறது. எல்லா டிக்கையும் போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். எந்த வேகத்தில் பூட்டினாலும் அது தானே சரி செய்துகொண்டு மங்களகரமாக வாசிக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, பெரியவர் நாற்காலியில் காத்திருக்க, கெட்டிமேளம் கெட்டிமேளமாகவே வந்துவிட்டது. "இன்னாபா, கெட்டுப் போச்சா?" என்று அவர் கேட்ட கேள்வியில் என் உயிர் போய்விட்டது. வேறு வழியில்லாமல், மயில் வரைய வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து, நல்ல கெட்டிமேளத்தைக் கையாலேயே பாதி வேகத்துக்கு இழுத்து, சுருதியைக் கீழே இறக்கி, சங்கும் சேகண்டியுமாகத் தனிக் கோப்பு ஒன்று தயார் செய்தேன். பெரியவர் கேட்டுப் பார்த்து, "இதான், இதான்" என்று தலையாட்டினார்.

கோமதி போன் செய்தாள். "மாமா, அத எம்பி3ல போட்டு அனுப்பிடுங்களேன். பெரிப்பா போன்லியே கேட்டுப்பாரு, உங்க வூட்டுக்கு வந்து தொல்ல குடுக்க மாட்டாரு."

சொல்வது நியாயம்தான். வசந்தியும் பக்கத்திலிருந்து அனுப்பு அனுப்பு என்று கையைக் காட்டினாள்.

முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். ஊதுவது சங்கே ஆனாலும், ஓர் இழை உருவ விடமாட்டேன்.